தந்தை அல்லது கணவர் பெயர்

2004 நவம்பர். விடிகாலை நான்கு மணி. டெல்லி கேட் அருகே உள்ள அம்பேத்கர் ஸ்டேடியம் பேருந்து நிலையத்தில் என் பெட்டியை இரண்டாவது முறையாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். லாகூர் பேருந்து ஆறு மணிக்குத்தான் கிளம்பும். ஆனால் சோதனை, எடை, பதிவு என்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லிவிடுவார்கள். லாகூரில் பெண்கள் வரலாறு குறித்து ஒரு கூட்டம். ஐந்து நாள் விசா. அதிலும் 'லாகூர் மட்டும்'. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போக அனுமதிப்பதில்லை, ஊருக்குத்தான் அனுமதிக்கும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் பையில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. வாய் துணியால் கட்டி, அதன்மேல் மெழுகு. காவலர் திறக்கச் சொன்னார். "அம்மா கையால போட்ட ஊறுகாய், திறந்தா கெட்டுப்போயிடும்" என்று அவர் உருதுவில் கெஞ்ச, நான் இடையில் புகுந்து ஏதோ சொல்ல, காவலர் சிரித்துவிட்டு ஜாடியை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "இது எந்த ஊர் உருது?"

ஆம்பூர் உருது. எங்கள் பக்கத்து வீட்டில் கற்றது. டெல்லிக்காரர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவருக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் பழக்கம் ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரை 'ஆபா' என்று கூப்பிட்டேன், எங்கள் தெருவில் அக்காமார்களைக் கூப்பிடுவது போல.

ஆபா பழைய டெல்லியின் பல்லிமாரானில் பிறந்தவர். 1978இல் லாகூரில் இருந்த மாமா மகனுக்குக் கட்டிவைத்தார்கள். கையில் இருந்தது பாகிஸ்தான் பாஸ்போர்ட். பிறந்த வீட்டுக்கு வந்தாலும் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்பா இறந்தபோது விசா கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். "என் வீட்டு வாசல்ல நானே விருந்தாளி பேட்டா" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை, பழகிப்போன ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்களக் கேட்டாங்களா ஆபா?"

"கேட்டாங்க. நிக்காஹ்ல மூணு தடவ கேட்டாங்க. அதுக்கு முன்னாடி யாரும் கேக்கல."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது. இந்த எல்லையைப் பெண்கள் கடந்த வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: அவளைக் கேட்டார்களா?

*

லாகூர் பேருந்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1999 பிப்ரவரி 20. பிரதமர் வாஜ்பாய் அமிர்தசரஸில் ஏறி வாகாவில் இறங்கினார், நவாஸ் ஷெரீப் வந்து வரவேற்றார். 'சதா-ஏ-சர்ஹத்', அதாவது எல்லையின் அழைப்பு என்று பேருந்துக்குப் பெயர். மறுநாள் லாகூர் பிரகடனம். தேவ் ஆனந்த், கபில் தேவ், ஜாவேத் அக்தர், குல்தீப் நய்யார் என்று பெயர் தெரிந்தவர்கள் பலர் அந்தப் பேருந்தில் இருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். நடனக் கலைஞர் மல்லிகா சாராபாயும் இருந்தார்.

நாளிதழ்கள் அவரை நடனக் கலைஞர் என்று எழுதியதோடு விட்டுவிட்டன. எனக்கு அவருடைய அத்தையின் ஞாபகம் வந்தது. மல்லிகாவின் அப்பா விக்ரம் சாராபாயின் அக்கா, மிருதுளா சாராபாய். பிரிவினைக்குப் பிறகு இரு பஞ்சாபிலும் கடத்தப்பட்ட பெண்களைத் தேடி மீட்கும் பணியைத் தலைமையேற்று நடத்தியவர். அம்மா வழிப் பாட்டி, சென்னையில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். அந்தச் சபைதான் சட்டமன்றமாக அமர்ந்து, 1949 டிசம்பரில் 'கடத்தப்பட்டோர் (மீட்பு மற்றும் ஒப்படைப்பு) சட்ட'த்தை நிறைவேற்றியது. மசோதாவைச் சபையில் கொண்டுவந்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரர், அப்போதைய போக்குவரத்து, ரயில்வே அமைச்சர் என். கோபாலசாமி அய்யங்கார். பெண்களை எல்லை கடத்துவது போக்குவரத்து அமைச்சரின் வேலையானது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது உறுத்தியது.

பஞ்சாபின் கதை நமக்குத் தூரத்துக் கதை என்று நினைத்துக்கொள்கிறோம். சென்னை மாகாணத்தில் இருந்து போனவர்களும் அமர்ந்திருந்த சபையில் எழுதப்பட்ட கதை அது.

அந்தச் சட்டத்தை ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். 'கடத்தப்பட்டவர்' என்றால் யார்? 1947 மார்ச் 1க்கு முன் முஸ்லிமாக இருந்து, அந்தத் தேதிக்கும் 1949 ஜனவரி 1க்கும் இடையில் குடும்பத்தைப் பிரிந்து, வேறொருவருடன் வாழ்வதாகக் கண்டறியப்படும் எவரும். ஆணாக இருந்தால் பதினாறு வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் எந்த வயதும் சரி. நாற்பது வயதுப் பெண்ணும் பத்து வயதுச் சிறுவனும் அந்த வரையறைக்குள் ஒன்றுதான். அவளுக்குப் பிறந்த குழந்தையும் அதே வரையறைக்குள் வந்துவிடும். காவல் துறை வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து அவளை அழைத்துச் செல்லலாம், முகாமில் வைக்கலாம். அவள் கடத்தப்பட்டவளா இல்லையா என்று தகராறு வந்தால், ஒரு தீர்ப்பாயம். அதில் யார்? இந்தியக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர், பாகிஸ்தான் காவல் கண்காணிப்பாளர் ஒருவர். 'நான் போக விரும்பவில்லை' என்று அவள் சொன்னால்? அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அரசுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 50,000 முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானில் சுமார் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் கடத்தப்பட்டிருந்தார்கள். உண்மைக் கணக்கு இதற்கும் மேலே என்று மீட்புப் பணியில் இருந்தவர்களே சொன்னார்கள். 1957இல் சட்டம் காலாவதியாகும் வரை இரு நாடுகளுமாக ஏறத்தாழ 30,000 பேரை மீட்டன. லாரிகளிலும் ஜீப்புகளிலும் ரயில்களிலும், போலீஸ் காவலுடன், பெரும்பாலும் இதே வழியாக.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீட்பு நடந்திருக்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. கூட்டம் கூட்டமாக வன்கொடுமைக்கு ஆளாகி, கைமாறி விற்கப்பட்டு, அடைத்துவைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மிருதுளாவின் ஆட்கள் கதவைத் தட்டியதுதான் விடுதலை. லாகூரில் அந்தப் பணியில் இருந்த கமலாபென் பட்டேல் குஜராத்தியில் எழுதிய நினைவுக் குறிப்புகள், அவர்கள் எத்தனை ஆபத்துக்கு நடுவே வேலை செய்தார்கள் என்பதைக் காட்டும். ஆனால் அதே கமலாபென்தான், வர மறுத்து அழுத பெண்களையும் எழுதினார். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று நின்றவர்கள். தன்னை வைத்திருந்தவனோடே ஒரு வாழ்க்கையை எப்படியோ கட்டிக்கொண்டவர்கள். இன்னொரு முறை பிடுங்கி நடப்படுவதைத் தாங்க முடியாதவர்கள். திரும்பிப்போனால் அப்பாவும் அண்ணனும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். பலரை ஏற்றுக்கொள்ளவில்லைதான். சீதையை உதாரணம் காட்டி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அரசும் தலைவர்களும் குடும்பங்களிடம் மன்றாட வேண்டியிருந்தது. சீதைக்கு என்ன ஆனது என்பதை அந்த உதாரணம் சொன்னவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். வாங்க ஆளில்லாத பெண்களுக்காக ஜலந்தரில் காந்தி வனிதா ஆசிரமம் உருவானது.

அவையில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. திருத்தங்கள் ஏராளமாக வந்தன. வயது வந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் அனுப்புவது புதிய அரசியலமைப்புக்கே முரண் என்று சில உறுப்பினர்கள் பேசினார்கள். மசோதா ஏறக்குறைய வந்தபடியே நிறைவேறியது. பஞ்சாப் உயர் நீதிமன்றம் பிறகு அதை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. 1952இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. குற்றம் எதுவும் சாட்டப்படாத ஒருவரை மீட்புக்காகப் பிடித்துவைப்பது 'கைது' ஆகாது, எனவே 22ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்றது. அதாவது திருடனைப் பிடித்தால் 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், அவன் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். கடத்தப்பட்ட பெண்ணுக்கு அது இல்லை. ஏனென்றால் அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை!

ஊர்வசி புட்டாலியாவின் நூலும், ரிது மேனனும் கமலா பசீனும் சேர்ந்து எழுதிய நூலும் 1998இல் வெளிவந்தபோதுதான் இதெல்லாம் பொது விவாதத்துக்கு வந்தது. ஐம்பது வருடம். கமலா பசீன் பிறந்த ஊரே பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ஊர். அந்த நூல்கள் வந்த மறு வருடம்தான் வாஜ்பாயின் பேருந்து போனது. பேருந்தில் ஏறியவர்கள் யாராவது படித்திருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு.

*

பேருந்துக்கு முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி. சைரன் போட்டுக்கொண்டு ஹரியானாவையும் பஞ்சாபையும் கிழித்துப் போனோம். வழியில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நிறுத்தினார்கள். சாலையோரம் நின்றவர்கள் கை காட்டினார்கள், சிலர் முறைத்தார்கள். ஆபா எதையும் பார்க்கவில்லை. நல்ல தூக்கம். விழித்ததும் தூக்குச் சட்டியைத் திறந்து கீமாவும் பரோட்டாவும் எடுத்து, "நீ மாமிசம் சாப்பிடுவியா?" என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதில் ஏகத்துக்கும் சந்தோஷப்பட்டார்.

சுற்றிப் பார்த்தேன். அரசியல்வாதிகள் இல்லை, நடிகர்கள் இல்லை. முக்கால்வாசிப் பேர் குடும்பங்கள். அதிலும் ஆபாவைப் போன்ற பெண்கள்: அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர்கள், இங்கே பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர்கள். சமாதானப் பேருந்து என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அது தாய்வீட்டுப் பேருந்து.

தாய்வீடு வெளிநாடு ஆனது எப்படி? சட்டப்படிதான். பாகிஸ்தானின் 1951ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பாகிஸ்தான் ஆணை மணக்கும் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை பெற வழி செய்கிறது. பாகிஸ்தான் பெண்ணை மணக்கும் வெளிநாட்டு ஆணுக்கு அந்த வழி இல்லை. பெண் போவாள், ஆண் வரமாட்டான் என்பதே அந்தப் பிரிவின் கற்பனை. நாம் ஒன்றும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியரை மணந்த 'பெண்கள்' என்றுதான் முதலில் எழுதியது. 1986 திருத்தத்தில்தான் அது 'நபர்கள்' ஆனது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தியத் தாய் வழியாகக் குடியுரிமை கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாகிஸ்தானில் தாய் வழிக்கு இடம் வந்தது 2000ஆம் ஆண்டில். கல்யாணத்துக்குப் பிறகு ஆபாவின் இந்தியக் குடியுரிமை போனதும், அவருடைய பிள்ளைகளுக்கு டெல்லியில் ஒட்டு உறவைத் தவிர எதுவும் இல்லாமல் போனதும் இந்தச் சட்டங்களால்தான்.

1949இன் சட்டமும் இந்தச் சட்டங்களும் வேறு வேறு நோக்கத்துக்கானவை. ஆனால் பெண்ணைப் பார்க்கும் பார்வை ஒன்று. அவள் யாருடைய வீட்டில் இருக்கிறாள் என்பதை வைத்து அவள் எந்த நாடு என்று முடிவாகிறது. முந்தைய சட்டம் அவளைத் தந்தை வீட்டுக்கு இழுத்தது. பிந்தையவை கணவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தன.

*

இதற்கு நடுவில் ஒரு பேருந்து வேறு மாதிரி போனது. 2000 மார்ச்.

அந்த நேரம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 1999 மே முதல் ஜூலை வரை கார்கில் போர். அக்டோபரில் முஷாரஃப் ஆட்சியைப் பிடித்தார். டிசம்பரில் காத்மாண்டுவில் இருந்து வந்த விமானம் கடத்தப்பட்டு காந்தஹார் போனது. இரு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்து வளர்ந்த நிர்மலா தேஷ்பாண்டேவின் முயற்சியில், தெற்காசிய அமைதிக்கான பெண்கள் முன்முயற்சி என்ற அமைப்பில் திரண்ட சுமார் நாற்பது பெண்கள் டெல்லியில் இருந்து லாகூருக்குப் பேருந்தில் போனார்கள். யாரும் அனுப்பவில்லை, யாருக்கும் மனைவியாகப் போகவில்லை. சில வாரங்களில் அங்கிருந்து பெண்கள் திரும்பி வந்தார்கள், அஸ்மா ஜஹாங்கீர் தலைமையில்.

அஸ்மாவை மனித உரிமை வழக்கறிஞர் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது போதாது. 1983 பிப்ரவரி 12 அன்று, பெண்ணின் சாட்சியத்தைப் பாதியாக்கும் சட்ட முன்வரைவை எதிர்த்து லாகூர் தெருவில் இறங்கித் தடியடி வாங்கிய பெண்களில் ஒருவர். வயது வந்த முஸ்லிம் பெண் தந்தையின் அனுமதி இல்லாமல் திருமணம் செய்துகொள்ளலாமா என்ற வழக்கை 90களில் லாகூர் உயர் நீதிமன்றத்தில் நடத்தி வென்றவர். வாஜ்பாயின் பேருந்து லாகூருக்குள் நுழைந்து ஏழு வாரம்கூட ஆகாத 1999 ஏப்ரல் 6 அன்று, விவாகரத்து கேட்ட ஓர் இளம்பெண்ணை, அஸ்மாவின் தங்கை ஹினா ஜிலானியின் அலுவலக அறையிலேயே அவள் குடும்பம் ஆள் வைத்துச் சுட்டுக் கொன்றது. துப்பாக்கிக்காரனோடு வந்தது அவளுடைய தாய். தலைவர்கள் கைகுலுக்கிய ஊரில், 'எனக்கு வேண்டாம்' என்று சொன்ன பெண்ணுக்கு அதுதான் நடந்தது.

அதனால் 2000ஆம் ஆண்டு சந்தித்துக்கொண்ட அந்தப் பெண்கள் வெறுமனே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள் என்று கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பயணம் போரை நிறுத்திவிடவில்லை. அதில் போனவர்கள் படித்தவர்கள், தொடர்பு உள்ளவர்கள், விசா வாங்கத் தெரிந்தவர்கள். ஆபாவுக்கு அப்படி ஒரு பேருந்து போனதே தெரியாது. நான் சொன்னபோது, "நாற்பது பொம்பளைங்களா? கூட ஆம்பளை இல்லாமயா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அட்டாரியில் இறங்கி, இந்தியப் பக்கம் குடியேற்றம், சுங்கம். மறுபடி அதே பேருந்து. இரண்டு கதவுகளுக்கு நடுவே மெதுவாக நகர்ந்தது. அவ்வளவுதான் எல்லை. அந்தப் பக்கம் போனதும் கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டும். மறுபடி இறங்கி, மறுபடி வரிசை, மறுபடி படிவம்.

அதில் ஒரு கட்டம்: 'தந்தை / கணவர் பெயர்'. எனக்கு அப்போது திருமணம் முறிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முன்னாள் கணவர் பெயர் இருந்தது. அதைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒத்துப்போகவில்லை என்பார்கள். எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே அந்தப் பெயரைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் ஆபா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் கணவர் இறந்து மூன்று வருடம். "எதை எழுத? ரெண்டு பேருமே இல்ல" என்றார். பிறகு கணவர் பெயரையே எழுதினார். அவருடைய குடியுரிமை அந்தப் பெயர் வழியாக வந்தது.

மீதி வழியில்தான் மகளைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். "அவள டெல்லில குடுக்க மாட்டேன்னு இருந்தேன். நான் பட்டது போதும்னு. என்னைக் கேக்காம செஞ்ச மாதிரி செய்யக் கூடாதுன்னு அவகிட்டயே கேட்டேன். அவ என்ன சொல்றா தெரியுமா? தம்பி மகனத்தான் கட்டிக்குவேங்கறா. நான் கேட்டது தப்பா பேட்டா?"

என்னிடம் பதில் இல்லை. பெண்ணியம் பேசக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான்.

லாகூரில் அவர் மகன் வந்திருந்தான். ஆபா ஜாடியின் மெழுகை நகத்தால் கீறிப் பிரித்து, என் டிபன் டப்பாவில் இரண்டு கரண்டி ஊறுகாய் போட்டுக் கொடுத்தார். முகவரி கேட்கவில்லை, தரவும் இல்லை. கடிதம் வந்தால் விசாரிக்க ஆள் வரும் என்பது இருவருக்குமே தெரியும்.

*

2001இல் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோன பேருந்து 2003 ஜூலையில் மறுபடி ஓடத் தொடங்கியபோது, இதய அறுவை சிகிச்சைக்காகப் பெங்களூருக்கு வந்த லாகூர்க் குழந்தை ஒன்று அதில் வந்தது. இரு நாடும் அந்தக் குழந்தையைக் கொண்டாடியது. 2019 ஆகஸ்டில் பேருந்து மறுபடி நின்றது. 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, அட்டாரி வழியும் மூடப்பட்டது. அந்த வாரம் வந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாகிஸ்தானில் வாழ்க்கைப்பட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்த பெண்கள், தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பாகிஸ்தான் பாஸ்போர்ட், அவர்கள் போக வேண்டும். தாய்க்கு இந்தியப் பாஸ்போர்ட், அவள் போகக் கூடாது.

அந்தப் படங்களில் நான் ஒரு முகத்தைத் தேடினேன். ஆபாவின் மகளை நான் பார்த்ததில்லை. அவளுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். அவள் சொன்னபடியே கட்டிக்கொடுத்திருந்தால், கதவின் இந்தப் பக்கம் பல்லிமாரானில் இருப்பாள்.